பத்து விநாடியில் பதில்

அத்தியாயம் 5

பயம் வந்தால் மற்றவர்களுக்கு நாக்கு உலரும். செல்வமேரிக்கு வாய் கூடிவிடும். அன்று காலை பத்தரை மணியிலிருந்து அவள் மூச்சு விடாமல் கிண்டலடித்துக்கொண்டிருந்தாள் என்றால், நிலைமை எவ்வளவு மோசம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

காவிரிக்குத் தெற்கே, கே.கே. நகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது பீமராவின் துப்பறியும் அலுவலகம். இரண்டு மேஜை, ஒரு ஃபேன், மூன்று நாற்காலி. மூன்றாவது நாற்காலி கேஸ் கொண்டுவருபவர்களுக்கு. அதற்கு ஒரு கால் குட்டை. "பொய் சொல்றவங்க அசைவாங்க, நாற்காலி காட்டிக் கொடுத்துடும்" என்று பீமராவ் அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார். ரிப்பேர் செய்யச் சோம்பேறித்தனம் என்பது அவருடைய உதவியாளரான செல்வமேரியின் கருத்து.

இப்போது அந்த நாற்காலி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதில் உட்கார்ந்திருந்த பிரேமலதா பொய் சொல்லவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"கொன்னுடுவான் சார். இன்னிக்கே கொன்னுடுவான்."

"யாரும்மா, யாரை?"

"புருஷன், பொண்டாட்டிய. ஆனா அவங்க பேர் எனக்குத் தெரியாது. அவன் பேரும் தெரியாது. எங்க இருக்காங்கன்னும் தெரியாது."

"ரொம்பச் சுலபமான கேஸ்," என்றாள் செல்வமேரி. "பேரும் ஊரும் தெரிஞ்சாத்தான் எங்களுக்குக் கஷ்டம்."

பீமராவ் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிரேமலதா இரண்டு மடக்குக் குடித்துவிட்டு முதலிலிருந்து சொன்னாள்.

கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் அவள் வீட்டுப் பின்னறையிலிருந்து 'செவி' என்று ஒரு சேவை நடக்கிறது. மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ எழுதி அனுப்பலாம். பதினான்கு தொண்டர்கள் அவரவர் வீட்டிலிருந்தே பதில் எழுதுவார்கள். எழுதுபவரின் பெயரையும் ஊரையும் கேட்கக் கூடாது, புனைபெயர் போதும் என்பது விதி. தொண்டர்களுக்கும் அப்படித்தான். சேர்வது, பயிற்சி எடுப்பது எல்லாம் எழுத்திலேயே முடிந்துவிடும். பிரேமலதாவே அவர்களில் ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. முகம் தெரியாமல் இருப்பதுதான் மனசைத் திறக்கும் என்று அவள் நம்பினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

'தாழம்பூ' என்ற பெயரில் ஒரு பெண் இரண்டு மாதமாக எழுதுகிறாள். அடிக்கிற புருஷன். இருபத்தைந்து நாளைக்கு முன் வீட்டை விட்டு வெளியேறி எங்கேயோ ஒளிந்திருக்கிறாள். அவன் தேடிக்கொண்டிருக்கிறான்.

"இன்னிக்குக் காலையில எங்க மார்ட்டின்தான் கவனிச்சார். ரெண்டு வாரமா அவங்களோட பேசற தொண்டர். இதைப் படிங்க சார்."

மார்ட்டின் எழுதியிருந்தது இதுதான்: 'அக்கா, இன்னிக்கு எழுதறது தாழம்பூ இல்ல. போனைப் புருஷன் பிடுங்கிட்டான்னு பயமா இருக்கு. இடம் கேக்கக் கூடாதுங்கறது நம்ம விதி, எனக்குத் தெரியும். ஆனா ஒரு உயிரை விடவா விதி பெரிசு? யாரையாவது வெச்சு அவங்க எங்க இருக்காங்கன்னு உடனே கண்டுபிடிங்க. எனக்குச் சோறு இறங்கல.'

பீமராவ் காலையில் நடந்த உரையாடலையும் வாங்கிப் பார்த்தார். மார்ட்டின் எட்டு வரி, பத்து வரி என்று இதமாக எழுதியிருந்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவை: 'ம்.' 'இல்ல.' 'வேண்டாம்.' கடைசியாக, 'யார் நீங்க.'

"நேத்து வரைக்கும் மனசு விட்டு எழுதினவங்க சார்!" என்றாள் பிரேமலதா.

பீமராவ் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இருபத்தெட்டு வருடம் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விசாரித்தவர் அவர். "ஒண்ணு எனக்கு இடிக்குது. ஏமாத்த வந்தவன் இவ்வளவு சோம்பேறியாவா எழுதுவான்? நான் பார்த்த வரைக்கும், நிஜமா வீடு எரிஞ்சவன் ஃபாரத்துல அட்ரஸையே பாதிதான் எழுதியிருப்பான். தானே கொளுத்தினவன்தான் மார்ஜின் விட்டு அழகா எழுதுவான்."

"அடிக்கிறவனுக்கு எழுத வருமா சார்? கைதானே நீளம்," என்றாள் செல்வமேரி.

அவர் சிரிக்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் ஒரு பெண் ஆபத்தில் இருக்கிறாள், முதலில் அவளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஒவ்வொரு தொண்டரின் உரையாடலும் அவரவருக்கு மட்டும் தெரியும். எல்லாவற்றையும் பார்க்கக்கூடியவள் பிரேமலதா ஒருத்திதான். இரண்டு மாதத்தில் தாழம்பூ ஐந்து தொண்டர்களோடு பேசியிருந்தாள். பீமராவ் அந்த ஐந்தையும் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, மாவு சலிப்பதுபோலச் சலித்தார். ஒரு மணி நேரத்தில் சிவப்புப் பேனாவால் மூன்று இடத்தில் கோடு போட்டார்.

ஒருவரிடம் அவள் எழுதியிருந்தாள்: 'ஜன்னலைத் திறந்தா நேரா தேரோட தலை. தகரம் போட்டு மூடி வெச்சிருக்காங்க.' இன்னொருவரிடம்: 'கீழே மிளகா அரைக்கறாங்க, தும்மி தும்மி கண்ணெல்லாம் எரியுது.' மூன்றாமவரிடம்: 'விடியும் முன்னாடியே ரங்கா ரங்கான்னு சத்தம். அந்தக் கூட்டத்துக்கு நடுவுல அவர் இருப்பாரோன்னு நெஞ்சு அடிச்சுக்குது.'

"மூணு பேரும் நல்லவங்க," என்றார் பீமராவ். "இடம் கேக்கக் கூடாதுன்னு கண்ணை மூடிக்கிட்டுப் படிச்சிருக்காங்க. ரங்கான்னா ஸ்ரீரங்கம். தேர் நிக்கறது கீழச் சித்திரை வீதி. தேரோட தலை ஜன்னலுக்கு நேரா இருந்தா ரெண்டாம் மாடி. அடியில மாவு மில்லு. மேரி, வண்டிச் சாவி."

பிரேமலதாவை அலுவலகத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

செல்வமேரியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்வது பீமராவுக்கு ஒரு தண்டனை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவள் போனை எடுத்தாள்.

"யாருக்கு எழுதறே?"

"மார்ட்டினுக்கு சார். பிரேமா அக்காதான் நம்பர் குடுத்தாங்க. பாவம், துடிச்சுப் போயிருக்கார். சென்னையில இருக்காராம், ஓடி வர முடியலைன்னு புலம்பறார்."

செல்வமேரி அவனோடு எழுதத் தொடங்கி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் மூன்று வருடம் பழகியதுபோல் இருந்தது. எது எழுதினாலும் பத்து விநாடியில் பதில். அவள் ஜோக்கடித்தால் அவனும் அடித்தான். அவள் பயந்தால் 'பயமாத்தான் இருக்கும் அக்கா, நீங்க தனியா இல்ல' என்று எழுதினான். 'வெயில்ல போறீங்க, மோர் வாங்கிக் குடிங்க' என்று வேறு. மேலப்புதூரில் அவளுக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள். ஒருவனும் அவளிடம் இதுவரை மோர் குடி என்று சொன்னதில்லை.

இந்த வித்தை அவளுக்குத் தெரியாததல்ல. பதினோரு வருடம் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களுக்குச் சாட்டில் பதில் சொல்லும் வேலை பார்த்தவள் அவள். உடனே பதில் போடு, அவர்கள் சொன்னதையே ஒரு வரி திருப்பிச் சொல், அவர்கள் பேசும் தினுசிலேயே பேசு, நம்பிவிடுவார்கள் என்று புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் எடுத்தவளே அவள்தான். தனக்கே யாராவது அதைச் செய்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் அவள் யோசித்ததில்லை.

காவிரிப் பாலம் தாண்டியதும் எழுதினாள்: 'ஸ்ரீரங்கம் வந்தாச்சு.'

'சூப்பர் அக்கா. எந்தப் பக்கம்?'

'கீழச் சித்திரை வீதி.'

தேர் தகரக் கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. அதற்கு எதிரே, பீமராவ் சொன்னபடியே, ஒரு மாவு மில். மிளகாய் நெடி தெருமுனைக்கே வந்து வரவேற்றது. மில்லுக்குப் பக்கத்தில் குறுகலான மாடிப்படி, அடியில் கதவு கிடையாது. இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. பச்சைப் பெயின்ட் அடித்த மரக்கதவு.

பீமராவ் மெதுவாகத் தட்டினார். உள்ளே எதுவோ நகர்ந்தது. பிறகு ஒன்றுமில்லை.

செல்வமேரி ஒரு படி கீழே இறங்கி நின்றாள். உள்ளே இருப்பது அவளா, அவனா? அவனென்றால் கையில் என்ன வைத்திருப்பான்? "சார், நான் வேணா கீழே போய் மிளகாத் தூள் விலை விசாரிக்கட்டுமா?" என்று கிசுகிசுத்தாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"அம்மா, நாங்க 'செவி'யிலேர்ந்து வரோம். பிரேமலதா அனுப்பினாங்க," என்றார் பீமராவ்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "போயிடுங்க."

"உங்களுக்கு ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"யார் யாரோ எழுதறீங்க. யார் வேணா யார் பேர்லயும் எழுதலாம். நான் எப்படி நம்பறது?"

"நியாயம்," என்றார் பீமராவ். "நீங்க கதவைத் திறக்க வேணாம். நாங்க கீழே இறங்கித் தெருவுல நிக்கறோம். ஜன்னல் வழியா எங்களை நல்லாப் பாருங்க. திருப்தியா இருந்தா கூப்பிடுங்க. இல்லேன்னா போயிடறோம்."

இறங்கினார்கள். உச்சி வெயிலில், போகிற வருகிற வண்டிகளுக்கு நடுவே, அறுபத்திரண்டு வயது பீமராவ் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்டவர்போல் கைகட்டி நின்றார். செல்வமேரி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். வியர்வை நிற்கவில்லை. மேலே ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்தது.

சும்மா நிற்க முடியாமல் அவள் போனை எடுத்தாள். மில்லையும் மாடிப்படியையும் சேர்த்து ஒரு போட்டோ பிடித்து மார்ட்டினுக்கு அனுப்பினாள். 'கண்டுபிடிச்சாச்சு. ரெண்டாம் மாடி, பச்சைக் கதவு. உள்ளே ஒரு பொண்ணு குரல் கேட்டுச்சு.'

பத்து விநாடியில் பதில். 'உங்க கால்ல விழணும் அக்கா. அங்கேயே இருங்க. அவங்களை விட்டு நகராதீங்க.'

மணி ஒன்று பத்து.

மேலே ஜன்னல் முழுதாகத் திறந்தது. ஒரு கை, வா என்று அசைந்தது.

அறைக்குள் ஒரு கட்டில், ஒரு குடம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். இடது புருவத்தில் தையல் போட்ட தழும்பு. இவர்கள் நுழைந்ததும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதன்மேல் கையை வைத்தபடியே நின்றாள்.

"என் பேர் வேணி," என்றாள். "இந்த அக்கா முகத்தைப் பார்த்துத்தான் திறந்தேன். என்னை விட இவங்க அதிகமாப் பயந்து போய் இருந்தாங்க."

"முதல் தடவையா என் முகத்தால ஒரு நன்மை," என்றாள் செல்வமேரி. "உங்க போன் எங்க வேணி? யார் பிடுங்கினாங்க?"

"யாரும் பிடுங்கலையே." வேணி தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள்.

"அப்ப காலையில 'ம்', 'இல்ல', 'வேண்டாம்'னு எழுதினது?"

"நான்தான்."

செல்வமேரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவ்வளவுதானா! ஒரு பெண் சலிப்பில் ஒற்றைச் சொல்லில் பதில் போட்டிருக்கிறாள், அதற்கா இத்தனை ஓட்டம்! மார்ட்டினுக்குச் சொல்ல வேண்டும், பாவம், சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பான். அவள் போனை எடுத்தாள்.

"மேரி, கையை எடு," என்றார் பீமராவ். அந்தக் குரலை அவள் இதற்கு முன் கேட்டதில்லை. அவர் வேணியின் பக்கம் திரும்பினார். "ஏன்மா அப்படி எழுதினீங்க? 'யார் நீங்க'ன்னு ஏன் கேட்டீங்க?"

வேணி போனைத் தலையணை மேல் வைத்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் லேசாக அதிர்ந்தது.

"மத்தவங்க எழுதறப்ப சில நாள் தப்பா எழுதுவாங்க, லேட்டா எழுதுவாங்க. 'மன்னிச்சுக்கங்க, இன்னிக்குத் தலை ஓடலை'ன்னு சொல்லுவாங்க. இந்த மார்ட்டின் அப்படி இல்ல. நான் பாதி சொன்னா மீதியை அவரே எழுதுவார். எனக்கு ரெண்டு வாரமா அவ்வளவு நிம்மதி. இன்னிக்குக் காலையில, 'ஜன்னல்ல என்ன தெரியுது, சொல்லுங்க, நானும் உங்களோட உக்காந்து பார்க்கற மாதிரி இருக்கும்'னு எழுதினார். படிச்சதும் கை விறைச்சுப் போச்சு."

"ஏன்?"

"எங்க கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வருஷம் நாங்க மெசேஜ்லதான் பழகினோம் சார். என்னை இவ்வளவு நல்லாப் புரிஞ்சுக்கிட்டு எழுதினவர் அதுக்கு முன்னாடி ஒரே ஒருத்தர்தான். அவரைத்தான் கட்டிக்கிட்டேன்."

செல்வமேரியின் முகத்தில் ஈயாடவில்லை.

பீமராவ் பிரேமலதாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "உங்க தொண்டர்கள் வேலை தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு நம்பர் போடறாங்களே, ஒண்ணு, மூணு, நாலுன்னு. பிரிண்ட்ல பார்த்தேன். அது என்ன?"

"அது சுமை எண் சார். தலை எவ்வளவு பாரமா இருக்குன்னு. ஒண்ணுன்னா லேசு, அஞ்சுன்னா முடியலைன்னு அர்த்தம். யாராவது நாலு, அஞ்சு போட்டா அவங்க பேசிக்கிட்டிருக்கிற ஆளை வேற ஒருத்தருக்கு மாத்திடுவோம். மாத்தறப்ப நாலு வரி குறிப்பு எழுதுவோம்."

"தாழம்பூ பத்தின குறிப்புல என்ன எழுதியிருந்தது?"

"புருஷனை விட்டு வந்தவங்க, இடது புருவத்துல நாலு தையல்னு... ஐயோ சார், ஏன் கேக்கறீங்க?"

"மார்ட்டின் எப்ப சேர்ந்தார்? தினம் என்ன நம்பர் போட்டார்?"

பிரேமலதா தேடினாள். தேடத் தேட அவள் மூச்சு வாங்குவது ஸ்பீக்கரில் கேட்டது. "சேர்ந்து பத்தொன்பது நாள் ஆகுது. ஒண்ணு. ஒண்ணு. எல்லா நாளும் ஒண்ணு சார். அதனாலதான் கஷ்டமான ஆளுங்களையெல்லாம் அவருக்கே குடுத்தோம். தெய்வம் அனுப்பின ஆள்னு நினைச்சோம்."

அடுத்தவர் துன்பத்தை நாள்பூராவும் கேட்டுக்கொண்டிருப்பவனுக்குத் தலை பாரமாகாமல் இருக்குமா? செல்வமேரி ஆறு பேரோடு ஒரே நேரத்தில் சாட்டில் பேசியவள். மூன்றாவது மணி நேரத்தில் காதுக்குள் ரீங்காரம் கேட்கும். வீட்டுக்குப் போய் அம்மா பேசினால்கூட எரிந்து விழுவாள். துன்பத்தைக் கேட்டும் பாரமே ஏறாதவன், துன்பத்தைக் கேட்கவே வரவில்லை. களைத்தவர்களைத் தாங்கிப் பிடிக்கத்தான் அந்த எண்ணை வைத்தார்கள். களைக்காதவனைச் சந்தேகப்பட அந்த நல்லவர்களுக்குத் தோன்றவேயில்லை. தனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தனக்கு, எல்லோருக்கும் முன்னால்.

"வீட்டுல இருந்த வரைக்கும் அங்க இருக்கிற கம்ப்யூட்டர்லதான் 'செவி'க்கு எழுதிக்கிட்டிருந்தேன்," என்றாள் வேணி, யாரும் கேட்காமலே. "கிளம்பறப்ப அழிச்சேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல."

"உங்க வீட்டுக்காரர் பேர்? வீடு எங்க?"

"செந்தமிழன். எடமலைப்பட்டி புதூர்."

சென்னை இல்லை. இதோ, பாலத்துக்கு அந்தப் பக்கம், அரை மணி நேர தூரம்.

"சார்," என்றாள் செல்வமேரி. "நான் போட்டோ அனுப்பிட்டேன் சார். பச்சைக் கதவுன்னு எழுதிட்டேன். அவனுக்குத் தேடத் தெரியலை. அதனால நம்மளைத் தேட விட்டிருக்கான். நான் கூட்டிக்கிட்டு வந்துட்டேன் சார்."

பீமராவ் அவளைத் திட்டவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. தெரிந்த பெண் எஸ்.ஐ.க்குப் போன் செய்து, இரண்டே வாக்கியத்தில் சொன்னார். கால் மணி நேரமாவது ஆகும் என்று பதில் வந்தது. வேணியை இப்போது கீழே அழைத்துப் போகலாமா? ஒரே படி, ஒரே தெரு. எதிரே அவன் வந்தால் என்ன செய்வது? கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தார். இரண்டு திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவனுக்கு ஏதாவது எழுது," என்றார். "எப்பவும் எழுதற மாதிரியே."

தப்புத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். 'மார்ட்டின், மோர் குடிச்சாச்சு. வேற என்ன உத்தரவு?'

பத்து விநாடி போனது. ஒரு நிமிடம். இரண்டு. மூன்றரை நிமிடம் கழித்துத்தான் வந்தது: 'இருங்க அக்கா.'

"வண்டி ஓட்டறான்," என்றார் பீமராவ். "சிக்னல்ல நின்னு அடிக்கிறான். மேரி, அவனை நிறுத்தற மாதிரி ஒண்ணு எழுதணும். உக்காந்து யோசிச்சாத்தான் பதில் சொல்ல முடியும்கிற மாதிரி."

செல்வமேரி கண்ணை மூடினாள். பதினோரு வருடத்துச் சாமர்த்தியம் அத்தனையும் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. சட்டென்று ஒன்று கிடைத்தது. அவனுக்கு எது பெருமை? எழுத்துதானே?

'ஒரு சிக்கல். கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க. மார்ட்டின் சொன்னாத்தான் திறப்பேங்கறாங்க. அவங்க மனசு இளகற மாதிரி நீங்களே நாலு வரி எழுதுங்க. நான் கதவுகிட்ட நின்னு படிச்சுக் காட்டறேன்.'

பதில் இல்லை. ஆனால் அவன் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று போன் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. எங்கேயோ சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒருத்தியின் கதவைத் திறக்க வைக்க ஒருவன் வார்த்தை தேடிக்கொண்டிருந்தான். ஆறு நிமிடம் தேடினான்.

வந்தது. நாலு வரி இல்லை, பதினாலு வரி. 'தாழம்பூ, உங்களை யாரும் அவசரப்படுத்தலை. இத்தனை நாள் நீங்க தூங்காம இருந்தது எனக்குத் தெரியும்...' செல்வமேரி படித்தாள். எழுதியவன் யார் என்று தெரிந்த பிறகும், ஒரு கணம் அவள் மனசு இளகத்தான் செய்தது. அதுதான் அவளை நடுநடுங்க வைத்தது. இதைத் தினமும் படித்தவள் எப்படித் தப்பி வந்தாள்?

'அருமை. படிச்சுக் காட்டறேன். இருங்க,' என்று அனுப்பினாள். பதில் வரவில்லை. வண்டி மறுபடி கிளம்பிவிட்டது.

மணி ஒன்று ஐம்பது. ஜீப் இன்னும் வரவில்லை. பீமராவ் கட்டிலை இழுத்துக் கதவோடு சேர்த்து நிறுத்தினார். வேணி நாற்காலியையும் அதன்மேல் வைத்தாள். அது எதையும் தடுக்காது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"இன்னொண்ணு எழுதிப் பாரு."

'அழறாங்க. திறந்துடுவாங்க போலிருக்கு.'

அனுப்பிவிட்டு அவள் போனைக் கீழே வைக்கக்கூட இல்லை.

'நல்லது அக்கா. நீங்க ரெண்டு பேரும் இப்ப கிளம்பிடுங்க. அவங்க தனியா இருந்தா மனசு அமைதியாகும்.'

மூன்று விநாடியில் பதில்.

அவன் வண்டியை நிறுத்திவிட்டான். கீழேதான் நிற்கிறான்.

பீமராவ் ஜன்னல் ஓரமாகப் பார்த்தார். தேர்க் கூண்டின் நிழலில், ஹெல்மெட்டைக் கழற்றாமல், கையில் போனோடு ஒருவன் நின்றுகொண்டிருந்தான். தலை நிமிர்ந்து இந்த ஜன்னலைப் பார்த்தான். பிறகு தெருவைக் கடக்க ஒரு அடி எடுத்து வைத்தான்.

செல்வமேரி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர அவள் மனதில் ஒன்றும் இல்லை.

வேணி எழுந்தாள். ஜன்னலுக்குப் போனாள், இரண்டு கதவையும் விரியத் திறந்தாள், கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தைந்து நாளாக யார் காதிலும் விழாமல் மூச்சு விட்டவள், வாயைத் திறந்து கத்தினாள்.

"செந்தமிழன்! அதோ ஹெல்மெட் போட்டு நிக்கறாரே, அவர்தான் என் புருஷன்! எடமலைப்பட்டி புதூர் செந்தமிழன்! என்னைக் கொல்ல வந்திருக்கார்! எல்லாரும் பாருங்க!"

கீழே மில் நின்றது. பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கினார்கள். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். பெருமாளைச் சேவிக்க வந்த ஒரு பஸ் கூட்டமே நடுத்தெருவில் நின்று, முதலில் ஜன்னலையும் பிறகு ஹெல்மெட்டையும் பார்த்தது. அவன் எடுத்த அடி அப்படியே நின்றது. இத்தனை பேர் பார்க்க அவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. குனிந்து போனில் எதையோ வேகமாக அடித்தான்.

செல்வமேரியின் கையில் போன் அதிர்ந்தது. மார்ட்டினிடமிருந்து ஒரே வரி.

'கத்தாதே வேணி. எல்லாரும் பாக்கறாங்க.'

பீமராவ் எட்டிப் படித்தார். 'செவி'யில் ஒருவருக்கும் அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. "இது போதும்," என்றார் மெல்ல. "அழிச்சுடாதே மேரி. அவன் கையாலேயே எழுதிக் குடுத்துட்டான்." தெருக்கோடியில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. கீழே அவன் வண்டியை நோக்கித் திரும்பினான். மில் ஆட்கள் இரண்டு பேர் மிளகாய்த் தூள் அப்பிய கையோடு வழியை மறித்து நின்றார்கள்.

செல்வமேரி போனை வேணியிடம் நீட்டினாள். "உங்களுக்குத்தான் எழுதியிருக்கான்."

வேணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு வேண்டாம்க்கா," என்று சொல்லிவிட்டு, கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.